ஜனுவாரியுவின் எட்டுப் பொத்தான்கள்

ஓர் அக்கார்டியன், தோளிலிருந்து தொங்கும் இருமுக முரசு ஒன்று, முக்கோணமாக வளைத்த இரும்புக் கம்பி ஒன்று. வடகிழக்குப் பிரேசிலின் ஃபொஹோ என்னும் ஆட்ட இசைக்கு அடிப்படையில் இந்த மூன்றும் போதும். பிரேசில் இசை என்றால் ரியோ டி ஜெனிரோவின் சம்பாவும் போஸா நோவாவும்தான் என்று பழகிய காதுக்கு இந்த மூவர் குழு முதலில் சற்று வறண்டே ஒலிக்கும். கடற்கரை மாலையின் சோம்பல் அதில் இல்லை. அக்கார்டியன் மூச்சு வாங்குகிறது, கம்பி விடாமல் சிணுங்குகிறது, முரசு அடிவயிற்றில் இறங்குகிறது. இரண்டு மூன்று பாட்டுகள் போனபின் காதைவிடக் கால் முந்திக்கொண்டு அதைப் புரிந்துகொள்ளத் தொடங்கிவிடுகிறது.

இந்த இசைக்குள் நான் நுழைந்த வழி தலைகீழானது. இந்த நூற்றாண்டின் பாட்டுகளில் தொடங்கி, 1990கள், 1950கள், 1940கள் என்று பின்னோக்கி நடந்து, கடைசியில் ஒலிப்பதிவுக்கு முந்தைய ஒரு கிராமத்தில், ஒரு கிழவரின் சிறிய அக்கார்டியனிடம் போய்ச் சேர்ந்தேன். இப்படி வந்ததில் ஒரு நன்மை உண்டு. மரபிசை என்று இன்று பெயர் பெற்றிருப்பது எந்தக் காலத்தில், எந்த ஊரில், யார் கையால் இந்த வடிவத்துக்கு வந்தது என்பது அடுக்கடுக்காகத் தெரிந்துகொண்டே வந்தது. நான் கண்டவரையில், ஃபொஹோவின் பெரும்பகுதி அது ஏங்கிப் பாடும் மண்ணிலேயே உருவானதில்லை. அந்த மண்ணை விட்டுப் போனவர்கள், ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அன்றைய தலைநகரான ரியோவின் வானொலி நிலையங்களிலும் கூலித் தொழிலாளர்களின் ஆட்டக் கூடங்களிலும் இருந்து உருவாக்கியது அது. அதனால் அதன் மரபுத்தன்மை ஒரு மாற்றுக் குறைந்தது என்று சொல்லுகிற தூய்மைவாதிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஊரை விட்டுப் போனதே அந்த ஊரின் மிகப் பழைய வழக்கங்களில் ஒன்றாக இருந்திருக்கிறது.

வேலை நிமித்தமாக நான் சில ஆண்டுகள் வாழ்ந்த ஒரு ஜெர்மன் நகரத்தில், பிரேசிலியர்கள் வாடகைக்கு எடுத்த ஒரு கூடத்தில் வார இறுதிகளில் ஃபொஹோ ஆடுவார்கள். ஐரோப்பாவின் பல நகரங்களில் இன்று இப்படிப்பட்ட கூடங்களும், ஆண்டுதோறும் நடக்கும் ஃபொஹோ விழாக்களும் உண்டு. கற்றுக்கொடுத்தவர் பராயிபா மாநிலத்துப் பெண்மணி. முதலில் பழக்கியது ஷொட்டி: மிதமான நடை, இடப்புறம் இரண்டு அடி, வலப்புறம் இரண்டு அடி, இணையராகத் தழுவிக்கொண்டு ஆடுவது. வாயால் எண்ணிக்கொண்டே ஆடிய எங்களைப் பார்த்து அவர், "காலை எண்ணாதீர்கள், கம்பியைக் கேளுங்கள்" என்பார். அது வெறும் ஊக்கப் பேச்சன்று. ஆட்டத்தின் இலக்கணமே அந்தக் கம்பியில்தான் இருக்கிறது. கம்பியைத் தொங்கப் பிடித்திருக்கும் கையின் விரல்கள் மூடித் திறந்து ஓசையை அடக்கவும் விடவும் செய்கின்றன. ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு சிற்றொலிகள்; மூன்றாவது மட்டும் திறந்து ஒலிக்கும், மற்றவை அடங்கி ஒலிக்கும். பாடகர் எங்கே இழுத்தாலும், அக்கார்டியன் எங்கே அலைந்தாலும், இந்தச் சல்லடை அசையாது.

முரசின் பெயர் ஸபும்பா. மேல் தோலில் துணி சுற்றிய தடியால் கனத்த அடி; கீழ்த் தோலில் மெல்லிய குச்சியால் சுள்ளென்று ஒரு பதில். பயாவ் என்னும் தாளத்தில் ஒரு சுற்றை எட்டு நுண்மாத்திரைகளாக எடுத்துக்கொண்டால், கனத்த அடிகள் முதலாவதிலும் நான்காவதிலும் விழுகின்றன, குச்சியின் பதில் ஏழாவதை ஒட்டி வருகிறது. மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்துக் கைதட்டிப் பார்த்தால் யாருக்கும் பிடிபடும். இதே எட்டை வேகப்படுத்தினால் அஹாஸ்தா-பே என்னும் ஓட்ட ஆட்டத்துக்கு அருகில் போகும். நிதானப்படுத்தி ஆடும்போது ஷொட்டி. ஐரோப்பியக் கூடங்களில் ஆடப்பட்ட ஷாட்டிஷ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறி வந்து, பண்ணை வீட்டு முற்றங்களில் இறங்கி, வடகிழக்கின் நடையைப் பெற்றது அது. இவற்றோடு ஷஷாடு, கோக்கு முதலியவையும் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கே ஃபொஹோ என்று பொதுப்பெயர். அந்த இசைக்கு ஆடும் கூட்டத்துக்கும் இரவுக்கும் அதே பெயர்தான்.

அந்தக் கூடத்தில் அதிகம் ஒலித்தவை 'பல்கலைக்கழக ஃபொஹோ' என்று அழைக்கப்படும் வகைப் பாட்டுகள். 1990களில் சாவ் பாவ்லோவிலும் தென்கிழக்கின் பிற நகரங்களிலும் நடுத்தர வர்க்க மாணவர்கள் இந்த ஆட்டத்தைக் கையிலெடுத்தார்கள். எஸ்பிரித்து சான்டு மாநிலத்தின் இட்டாவுனாஸ் என்னும் கடலோரச் சிற்றூர் அவர்களுடைய யாத்திரைத் தலம் போலாயிற்று. 2000ஆம் ஆண்டையொட்டி ஃபலமான்ஸா என்ற குழுவின் பாட்டுகள் நாடெங்கும் பரவின. இனிமையான இசைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் இரவு முதிர்ந்து, இசைத்தட்டுப் போடுபவர் பழைய பதிவு ஒன்றைப் போடும்போது, கூடத்திலிருந்த வடகிழக்கு மாநிலத்தவர்கள் மட்டும் ஆடிக்கொண்டே முழுப் பாட்டையும் உரக்கப் பாடத் தொடங்குவார்கள். பெரும்பாலும் அந்தக் குரல் லூயிஸ் கொன்ஸாகாவுடையதாக இருக்கும்.

கொன்ஸாகா 1912 டிசம்பர் 13 அன்று பெர்னம்புக்கு மாநிலத்தின் எஷூ என்னும் ஊரில் பிறந்தார். கடற்கரைத் தலைநகரான ரெசிஃபியிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, அராரிப்பி மேட்டுநிலத்தின் அடிவாரத்தில் இருக்கிறது எஷூ. இந்த உள்நாட்டு வறள்நிலத்துக்குச் செர்த்தாவ் என்று பெயர். முள்மரங்களும் கள்ளிகளும் அடர்ந்த காட்டிங்காக் காடு ஆண்டின் பெரும்பகுதி இலையுதிர்ந்து வெளிறிக் கிடக்கும். மழை சில மாதங்களில் மட்டும், அதுவும் நிச்சயமில்லாமல் பெய்யும். 1877 முதல் 1879 வரை நீடித்த பெரும் வறட்சியில் மாண்டவர்கள் நான்கைந்து லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். நம் பக்கத்தில் தாது வருடப் பஞ்சம் என்று நாட்டுப்பாடல்களில் நின்றுபோன அதே பேரழிவின் மற்றொரு முனை அது. பசிபிக் கடலின் ஒரே எல் நினோ, சென்னை மாகாணத்தின் மழையையும் சியரா மாநிலத்தின் மழையையும் ஒருசேரப் பொய்க்கச் செய்தது. அதன்பின் 1915இலும் 1932இலும் மீண்டும் கடும் வறட்சிகள். ஒவ்வொன்றிலும் ஆட்கள் கூட்டமாக வெளியேறினார்கள்: அமேசான் ரப்பர் காடுகளுக்கு, ரியோவுக்கு, சாவ் பாவ்லோவுக்கு, பின்னர் பிரசிலியா நகரத்தைக் கட்டுவதற்கு.

கொன்ஸாகா ஊரை விட்டது வறட்சியால் அன்று. 1930இல், ஊர்ப் பெரிய குடும்பத்துப் பெண் ஒருத்தியைக் காதலித்து, அதனால் எழுந்த தகராறில் தாயிடம் அடி வாங்கி, சினத்தில் வீட்டை விட்டோடிப் படையில் சேர்ந்தார். 1939இல் படையிலிருந்து விடுபட்டபோது ரியோவில் இருந்தார். கையில் அக்கார்டியன் இருந்தது. துறைமுகத்தை ஒட்டிய மாங்கி என்னும் பகுதியின் மதுக்கடைகளில் மாலுமிகளுக்கும் பிறருக்கும் டாங்கோ, வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் வாசித்துக் காசு தேற்றிக்கொண்டிருந்தார். அங்கே வந்த சியரா மாநிலத்து மாணவர்கள் சிலர், 'எங்கள் ஊர்ப் பக்கத்து இசை ஏதாவது வாசியேன்' என்று கேட்டதுதான் திருப்பம். அவருக்கு அது கூச்சமாக இருந்திருக்கிறது. சிறுவயதில் தந்தையோடு ஆட்டக் கூட்டங்களில் வாசித்தவற்றை நினைவிலிருந்து தோண்டி எடுத்துப் பழகிக்கொண்டு, அடுத்த முறை அவர்கள் வந்தபோது வாசித்தார், கடை நிரம்பிவிட்டது. பிறகு இசையமைப்பாளர் ஆரி பஹோசு நடத்திய, புதுமுகங்களுக்கான புகழ்பெற்ற வானொலிப் போட்டியில் அதே இசைத்துண்டு ஒன்றை வாசித்து முழு மதிப்பெண் பெற்றார். 1941இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்தில் முதல் தனிப் பதிவுகள் வந்தன. அவையெல்லாம் வாத்தியம் மட்டும். அவர் குரலை யாரும் விரும்பவில்லை. தாமே பாடிய முதல் தட்டு 1945இல்தான் வெளிவந்தது.

ஊர்க்காரர்கள் கேட்டதால் ஊரின் இசையை நினைவுகூர்ந்தார் என்ற இந்தச் செய்தியில் நான் நெடுநேரம் தங்கிவிட்டேன். எஷூவிலேயே இருந்திருந்தால் அவர் அதற்கு ஒரு பெயர்கூட வைத்திருக்க மாட்டார். அது வெறுமனே சனிக்கிழமை இரவாக இருந்திருக்கும். ரியோவில் அதற்குப் பெயரும் உடையும் வாத்திய அமைப்பும் தேவைப்பட்டன, மூன்றையும் அவர் தெரிந்தே செய்தார். 1945இல் அவர் தேடிப்போய்க் கண்டுபிடித்த கூட்டாளி, சியராவின் இகுவாட்டு ஊரைச் சேர்ந்த உம்பெர்ட்டு தெய்ஷெய்ரா என்ற வழக்கறிஞர். வடகிழக்கின் எந்தத் தாளத்தைத் தலைநகரத்துக்கு எடுத்துப் போவது என்று இருவரும் அமர்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்தது பயாவ். நாட்டுப்புறப் பாடகர்கள் வியோலா என்னும் கம்பி வாத்தியத்தோடு போட்டிக்குப் பாடும்போது, ஒரு செய்யுளுக்கும் அடுத்த செய்யுளுக்கும் இடையில் வாசித்துக்கொண்ட சிறு இடைவாசிப்பு அது. அதைத் தனியே உருவி எடுத்து ஒரு முழு ஆட்டமாக வளர்த்தார்கள். 1946இல் வெளிவந்த முதல் பாட்டின் பெயரும் பயாவ்தான். 'இதை எப்படி ஆடுவது என்று காட்டுகிறேன், கற்க விரும்புகிறவர்கள் கவனியுங்கள்' என்ற பொருளில் அது தொடங்குகிறது. மரபுக் கலை ஒன்று இப்படித் தன்னைத் தானே விளம்பரம் செய்துகொண்டு அறிமுகமாவதை வேறெங்கும் நான் இவ்வளவு வெளிப்படையாகப் பார்த்ததில்லை.

உடையும் அப்படித்தான். தெற்கத்திய மாடுமேய்ப்பர் உடையில் வானொலிக்கு வந்து வாசித்த பெத்ரு ஹைமுந்து என்ற அக்கார்டியன் கலைஞரைப் பார்த்தபின், தம் பகுதிக்கும் ஓர் உடை வேண்டும் என்று கொன்ஸாகாவுக்குத் தோன்றியது. செர்த்தாவின் மாடோட்டிகள் முள்ளுக்குக் காப்பாக அணியும் தோல் அங்கியையும், 1938இல் கொல்லப்பட்ட லம்பியாவ் என்ற கொள்ளைத் தலைவனின் கூட்டம் அணிந்ததைப் போன்ற, முன்புறம் மடித்து விட்ட தோல் தொப்பியையும் அவர் அணியத் தொடங்கினார். கொள்ளையன் தொப்பியோடு நிலையத்துக்குள் வரக்கூடாது என்று முதலில் தடுத்தார்கள் என்பார்கள். இன்று வடகிழக்குப் பிரேசிலின் எந்தச் சுற்றுலாக் கடைக்குப் போனாலும் அந்தத் தொப்பிதான் தொங்குகிறது. அக்கார்டியன், ஸபும்பா, முக்கோணம் என்ற மூவர் அமைப்பை நிலைநிறுத்தியதும் அவரே. ஸபும்பா கிராமத்துக் குழல் குழுக்களிலிருந்து வந்தது. முக்கோணமோ, தெருவில் மெல்லிய மாவு அப்பளச் சுருள் விற்கும் பையன் ஆட்களைக் கூப்பிடத் தட்டிய கம்பியிலிருந்து தமக்குத் தோன்றியது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

1947 மார்ச்சில் பதிவான 'அஸா பிராங்கா' பற்றிச் சொல்லாமல் கடக்க முடியாது. பிரேசிலில் நாட்டுப்பண்ணுக்கு அடுத்தபடி எல்லோரும் அறிந்த பாட்டு அது என்றால் மிகையில்லை. அஸா பிராங்கா என்பது ஒரு காட்டுப்புறா. வறட்சியைத் தாங்கும் அந்தப் பறவையும் செர்த்தாவை விட்டுப் பறந்துவிட்டது, ஆகவே நானும் போகிறேன், மழை பெய்து உன் கண்களின் பச்சை வயலில் பரவும்போது திரும்பி வருவேன் என்று ரோஸீஞா என்ற பெண்ணிடம் ஒருவன் விடைபெறுகிறான். பதிவின்போது பக்கவாத்தியக்காரர்கள் 'இது தெருவில் தட்டேந்திப் பாடும் குருடர் பாட்டாயிற்றே' என்று கேலி செய்ததாக ஒரு கதை உண்டு. மெட்டு எளிமையானது, ஐந்தாறு சுரங்களுக்குள் ஏறி இறங்கி முடிகிறது. ஆனால் விசித்திரம் என்னவென்றால், இவ்வளவு துயரமான பாட்டுக்கும் கூடத்தில் யாரும் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. தழுவிய கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு ஆடுகிறார்கள். துயரத்தைக் கேட்டு உட்கார்ந்துவிடும் வழக்கம் இந்த இசையில் இல்லை.

ஸே தந்தாஸ் என்ற மருத்துவர் கொன்ஸாகாவின் இன்னொரு பெரிய கூட்டாளி. பெர்னம்புக்குவின் கர்னாயிபாவைச் சேர்ந்தவர். தெய்ஷெய்ராவைவிட இவருடைய சொற்களில் மண் அதிகம், கோபமும் அதிகம். 1953இல் வறட்சி நடந்துகொண்டிருந்தபோதே வெளிவந்த 'வறட்சியின் குரல்கள்' என்ற பாட்டு, தெற்கிலிருந்து வந்த நன்கொடைகளுக்கு நன்றி சொல்லிவிட்டு, உடல் வலுவுள்ள மனிதனுக்குப் பிச்சை போட்டால் அவன் வெட்கத்தால் சாவான் அல்லது கெட்டுப்போவான், எங்களுக்கு அணைகளும் வேலையும் கொடுங்கள் என்று அரசிடம் நேரே கேட்கிறது. அதே ஆண்டில் அதே இருவரும் செய்த இன்னொரு பாட்டில், வறட்சியின் நடுவே மந்தகாரு என்னும் கள்ளி பூத்தால் செர்த்தாவுக்கு மழை வருகிறது என்று பொருள், பெண்குழந்தை பொம்மையை ஒதுக்கினால் அவள் மனத்துக்குள் காதல் வந்துவிட்டது என்று பொருள் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். ஷொட்டி கற்கும் ஒவ்வொருவரும் இந்தப் பாட்டுக்கு ஆடித்தான் கற்கிறார்கள்.

இசை இலக்கணம் பற்றி ஒரு சிறு விலகல். வடகிழக்கு மெட்டுகளில் நிஷாதம் பெரும்பாலும் கைசிகி நிஷாதமாகத் தாழ்ந்து நிற்கும். மத்தியமம் பல இடங்களில் பிரதி மத்தியமமாக உயரும். மேலை இசையினர் இதை லிடியன், மிக்ஸோலிடியன் என்னும் இரண்டு முறைகளின் கலப்பு என்பார்கள். நம் மேளகர்த்தாக் கணக்கில் மிக்ஸோலிடியன் என்பது அரிகாம்போதியின் சுர வரிசை. மத்தியமத்தை உயர்த்திவிட்டால் வாசஸ்பதி. கர்நாடக இசை கேட்ட காது ஃபொஹோவில் சட்டென்று ஒரு பழக்கத்தை உணர்வதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஒற்றுமை சுர வரிசையோடு சரி. பிடிகளும் கமகங்களும் வேறு உலகம் என்பதால், இதை வைத்துப் பண்டைத் தொடர்பு எதையும் கட்டியெழுப்பப் புறப்பட வேண்டியதில்லை. ஐபீரிய தீபகற்பத்துப் பழைய தேவாலய இசையிலிருந்தும் மூரிஷ் இசையிலிருந்தும் இது வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள்.

கொன்ஸாகாவிலிருந்து பின்னோக்கிப் போகும் வழியை அவருடைய பாட்டு ஒன்றே காட்டிக்கொடுக்கிறது. 1946இல், பதினாறு ஆண்டுகளுக்குப் பின், புகழோடும், இடக்கைப் பக்கத்தில் நூற்றிருபது பேஸ் (கீழ்ச்சுரப்) பொத்தான்கள் கொண்ட பெரிய அக்கார்டியனோடும் அவர் எஷூவுக்குத் திரும்பினார். அவர் தந்தை ஜனுவாரியு அந்த வட்டாரத்தில் பேர்பெற்ற அக்கார்டியன் கலைஞர், பழுதுபார்ப்பவரும்கூட. அவரிடம் இருந்தது எட்டே பேஸ் பொத்தான்கள் கொண்ட சிறிய பெட்டி. ஊரே கூடிப் பளபளக்கும் புது வாத்தியத்தை வியந்துகொண்டிருக்க, ஒரு கிழவர் மட்டும், 'நூற்றிருபது இருந்தென்ன, இவன் ஒரு பக்கத்தை மட்டுமே தொடுகிறான். அப்பன் எட்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாசிக்கிறான். லூயிஸ், ஜனுவாரியுவுக்கு மரியாதை கொடு' என்று சொன்னதாகக் கொன்ஸாகா தாமே 1950இல் பாட்டாக்கிப் பதிவு செய்தார். தம்மையே கேலி செய்யும் அந்தப் பாட்டு அவருடைய மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றானது. அந்தப் பதிவைக் கேட்டபின்தான் எட்டுப் பொத்தான் அக்கார்டியனைத் தேடிக் கேட்கத் தொடங்கினேன்.

கிழவர் சொன்னது வெறும் ஊர்ப்பாசம் அன்று. அந்தச் சிறு பெட்டியில் துருத்தியை அழுத்தினால் ஒரு சுரம், இழுத்தால் அதே பொத்தானில் இன்னொரு சுரம். ஆகவே மெட்டின் ஒவ்வொரு திருப்பமும் கையின் போக்குவரவைத் தீர்மானிக்கிறது. வாசிப்பவர் ஒரு கணமும் நிம்மதியாக இழுத்துக்கொண்டிருக்க முடியாது. அந்தத் திணறலிலிருந்து பிறக்கும் வெட்டும் குலுக்கலும்தான் பின்னாளில் பெரிய அக்கார்டியனிலும் ஃபொஹோவின் தனி நடையாக நின்றது. பெரிய பெட்டியில் எதையும் நீட்டி வாசிக்கலாம். தேர்ந்த ஃபொஹோ கலைஞர் வேண்டுமென்றே நீட்டுவதில்லை. கரான்யுன்ஸ் ஊரில் 1941இல் பிறந்து, கொன்ஸாகாவின் வாரிசாக அவராலேயே முடிசூட்டப்பட்ட தொமிங்கீஞுஸ், பராயிபாவின் வெள்ளைத் தாடிக் கலைஞர் சிவுக்கா ஆகிய இருவரும் ஜாஸ் வரை போய் வந்தவர்கள். ஆனாலும் ஆட்டத்துக்கு வாசிக்கும்போது அவர்கள் துருத்தி அந்த எட்டுப் பொத்தானின் மூச்சில்தான் ஓடுகிறது.

கொன்ஸாகாவை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் இந்த இசையின் பாதி விட்டுப்போகும். கோக்கு என்னும் ஆட்டம் கடலோரத்துக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் உரியது. ஆப்பிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்களும் பழங்குடியினரும் வட்டமாக நின்று, ஒருவர் பாட மற்றவர் எதிர்க்குரல் கொடுத்து, தரையை மிதித்து ஆடுவது. பராயிபாவின் அலாகோவா கிராண்டி ஊரில் ஒரு கோக்குப் பாடகியின் மகனாக 1919இல் பிறந்த ஜாக்சன் டு பந்தெய்ரு அதிலிருந்து வந்தார். பந்தெய்ரு அவர் கையிலிருந்த கஞ்சிரா வகை வாத்தியம். ஜாக்சன் என்பதோ சிறுவயதில் பார்த்த கௌபாய்ப் படங்களின் நடிகர் ஜாக் பெர்ரினின் பெயரிலிருந்து ஒட்டிக்கொண்டது. 1953இல் 'செபஸ்தியானா' பாட்டின் மூலம் நாடறிந்தவரானார். கொன்ஸாகா தாளத்தின்மேல் உறுதியாக நின்று பாடுவார். ஜாக்சன் தாளத்துக்கு முன்னும் பின்னும் சொற்களைத் தள்ளிவிட்டு, விழப்போகிறார் என்று நாம் நினைக்கும் நொடியில் சரியான இடத்தில் வந்து இறங்குவார். ஆடுவதற்குக் கொன்ஸாகா, உட்கார்ந்து வியப்பதற்கு ஜாக்சன் என்று எனக்கு ஒரு சொந்தக் கணக்கு உண்டு. பெண்களும் உண்டு. பாடகி மரினெஸ் தோல் உடை அணிந்து தம் குழுவைத் தாமே தலைமையேற்று நடத்தியவர். பாடகியும் பாடலாசிரியருமான அனஸ்தாசியா, தொமிங்கீஞுஸோடு இணைந்து நூற்றுக்கணக்கான பாட்டுகளைச் செய்தவர். 1973இல் பிரேசிலின் பெயர்பெற்ற பாடகர் ஜில்பெர்ட்டு ஜில் பாடிப் புகழ்பெற்ற ஒரு பாட்டு அனஸ்தாசியா, தொமிங்கீஞுஸ் இருவருடையது என்பதைப் பலர் இன்றும் கவனிப்பதில்லை.

ஜூன் மாதத்தில் இந்த இசையை அதன் ஊரில் கேட்க வேண்டும் என்று பெர்னம்புக்குவின் கருவாரு நகரத்துக்குப் போனேன். சாவ் ஜொவாவ் என்னும் புனித யோவான் திருவிழா ஜூன் 24. கொண்டாட்டமோ மாதம் முழுவதும். அடிப்படையில் அது மக்காச்சோள அறுவடை விழா. மார்ச் 19, புனித சூசையப்பர் நாளுக்குள் மழை வந்துவிட்டால் அந்த ஆண்டு தப்பிக்கும் என்பது செர்த்தாவின் நம்பிக்கை. அன்று ஊன்றிய சோளம் ஜூனில் கதிராகி, அரைத்துத் தோகையில் கட்டி அவித்த பமோன்யாவாகவும், பாலோடு கிளறிய கஞ்ஜிக்காவாகவும் வீட்டுக்கு வீடு வரும். 23ஆம் தேதி இரவு வாசலில் தீ மூட்டுவார்கள். 'அஸா பிராங்கா' பாட்டில் எரியும் நிலத்தை ஒப்பிடுவது இந்தத் தீயோடுதான். குவாட்ரிலியா என்னும் கூட்டு ஆட்டத்தில் போலிக் கல்யாணம் ஒன்று நடக்கும். மணப்பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையை ஆயுதத்தோடு துரத்துவான். அரண்மனை ஆட்டமாக வந்த பிரெஞ்சுக் குவாட்ரில் இப்படி ஓலைத் தொப்பியும் ஒட்டுத் துணியும் அணிந்துகொண்டுவிட்டது. ஆட்டத்தை நடத்துபவர் இன்னமும் உருமாறிய பிரெஞ்சில்தான் கட்டளை போடுகிறார்.

பராயிபாவின் கம்பினா கிராண்டி 1983 முதல் 'உலகின் மிகப் பெரிய சாவ் ஜொவாவ்' என்று தன்னை அழைத்துக்கொள்கிறது. கருவாரு அதை ஒப்புக்கொள்வதாக இல்லை. இரண்டு ஊர்களின் பெரிய மேடைகளிலும் இப்போது தெற்கத்திய நாட்டுப்பாணிப் பாப் இசை நட்சத்திரங்களுக்குத்தான் நள்ளிரவு நேரம். 2017இல் வடகிழக்குக் கலைஞர்கள் 'எங்கள் சாவ் ஜொவாவைத் திருப்பிக் கொடுங்கள்' என்று இயக்கம் நடத்தினார்கள். அவர்கள் பக்கத்தில் நியாயம் உண்டு, அந்த மேடைகளுக்குச் செலவாவது பெரும்பாலும் பொதுப்பணம். ஆனால் 1990இல் ஃபோர்த்தலேசாவில் தொடங்கிய மஸ்த்ரூஸ் கொம் லெய்ட்டி போன்ற குழுக்களின் மின்னிசை ஃபொஹோவையும் அதே மூச்சில் சிலர் திட்டும்போது நான் ஒதுங்கிக்கொள்கிறேன். விசைப்பலகையும் டிரம்ஸும் மேடை ஆட்டக்காரர்களும் வைத்து, செயற்கைக்கோள் வானொலி வலையமைப்பின் வழியே அதை வியாபாரமாக நடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. வானொலி இல்லாமல் பயாவே இல்லை என்பதை மறந்தவர்கள்தான் இதைக் குற்றமாகச் சொல்ல முடியும். எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்கவில்லை. அது வேறு விஷயம்.

பிரேசிலின் தேசியப் பாரம்பரிய நிறுவனமான இஃபான், 2021 டிசம்பரில் ஃபொஹோவின் மரபு மூலங்களை நாட்டின் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. கொன்ஸாகாவின் பிறந்த நாளான டிசம்பர் 13 ஏற்கெனவே தேசிய ஃபொஹோ நாளாக இருக்கிறது. வடகிழக்கை விட்டு வந்தவர்கள் லாரிகளில் வந்திறங்கிய இடத்தில் 1945இல் தொடங்கிய ரியோவின் சாவ் கிறிஸ்தோவாவ் சந்தை, இன்று கொன்ஸாகாவின் பெயர் தாங்கிய பெரிய அரங்குக்குள் நடக்கிறது. வெயிலில் உலர்த்திய மாட்டிறைச்சி, கட்டி வெல்லம், வெண்ணெய்ப் புட்டி இவற்றுக்கு நடுவே மூவர் குழுக்கள் வாசிக்கின்றன.

கருவாருவில் பெரிய மேடையை விட்டு நடந்தபோது தெருவோரத்தில் ஒரு குழல் குழு வாசித்துக்கொண்டிருந்தது: இரண்டு பீஃபனுக் குழல்கள் மூன்றாம் சுர இடைவெளியில் இணைந்து ஒரே மெட்டை வாசிக்க, ஸபும்பாவும் பக்க முரசும் ஜால்ராவும் உடன் ஒலித்தன. அக்கார்டியன் இல்லை, பாட்டு இல்லை. ஆனாலும் ஃபொஹோவின் வெட்டும் நடையும் முழுதாக அதில் இருந்தன. கொன்ஸாகா ஸபும்பாவை எடுத்தது இப்படிப்பட்ட குழுக்களிடமிருந்துதான். இவற்றில் மிகவும் புகழ்பெற்றது பியானு குடும்பத்தின் கருவாரு பீஃபனுக் குழு. ஊர்ப் பெயரைத் தாங்கியிருந்தாலும் அது கருவாருவில் பிறந்ததன்று. 1924இல் அலாகோவாஸ் மாநிலத்துச் செர்த்தாவில் தொடங்கி, வறட்சிக்குத் தப்பி, திருவிழாக்களிலும் சாவு வீடுகளிலும் வாசித்துப் பிழைத்தபடி ஊர் ஊராக நடந்து, 1930களின் இறுதியில் கருவாருவுக்கு வந்து சேர்ந்தது. 1972இல் ஜில்பெர்ட்டு ஜில் தம் இசைத்தட்டு ஒன்றை இவர்களுடைய வாசிப்போடு தொடங்கினார். அதே ஆண்டில் இவர்களுடைய முதல் இசைத்தட்டும் வந்தது. சில ஆண்டுகளில் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு சாவ் பாவ்லோவுக்குக் குடிபெயர்ந்தது. 2004இல் லத்தீன் கிராமி விருது பெற்றபோதும் குழுவின் பெயரில் கருவாரு இருந்தது.